ஹாங்காங்கின் படிக்கட்டுத் தெருக்கள்: ஏறும் முறையும் பார்க்கும் முறையும்

ஹாங்காங் தீவின் வடகரையில், ஷியுங் வான் பகுதியிலும் அதற்குக் கிழக்கே உள்ள சென்ட்ரல் பகுதியிலும், கடலோரச் சாலைகளையும் மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்த குடியிருப்புகளையும் இணைக்கும் தெருக்கள் பலவற்றில் வண்டி ஏற முடியாது. அவை கருங்கல்லாலும் சிமெண்டாலும் ஆன படிவரிசைகள். ஆயினும் தெரு என்ற பெயரும், கதவு எண்களும், விளக்குகளும், வடிகாலும் அவற்றுக்கு உண்டு என்பதால், அவற்றை ஒரு மேட்டுக்குப் போகும் வழி என்று கொள்ளாமல் தெரு என்றே கொண்டு நடக்க வேண்டும். இந்த அத்தியாயம் அத்தகைய நான்கு படிவரிசைகளை ஒரே நாளில், வழிகாட்டி எவரும் இன்றி, ஏறி இறங்கிப் பார்க்க விரும்புவோருக்காக எழுதப்பட்டது.

படிகள் ஏன் வந்தன

1841இல் பிரித்தானியர் இத்தீவைக் கைப்பற்றி நகரம் அமைக்கத் தொடங்கியபோது, மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த சமதளம் மிகக் குறுகலாக இருந்தது. எனவே கரையை ஒட்டிக் குவீன்ஸ் சாலையும், அதற்கு மேலே சரிவின் குறுக்காக ஹாலிவுட் சாலை, கெய்ன் சாலை போன்றவையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் ஓடுமாறு வெட்டப்பட்டன. இவற்றை மேலும் கீழுமாக இணைக்கும் இடங்களில் சரிவு செங்குத்தாக இருந்ததால் படிகள் கட்டப்பட்டன. வசதி படைத்தோர் இப்படிகளில் பல்லக்கு நாற்காலியில், அதாவது இரு மூங்கில் கழிகளுக்கு நடுவே பொருத்தி ஆட்கள் தோளில் சுமந்த இருக்கையில், ஏறி இறங்கினர். இப்போது கரையிலிருந்து குவீன்ஸ் சாலை விலகியிருப்பதற்குக் காரணம், பின்னர் கடலைத் தூர்த்து நிலம் சேர்த்ததே ஆகும். நடப்பதற்கு இவ்வளவு வரலாறு போதும். எஞ்சியதைப் படிகளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முதற்பார்வை தரும் இரண்டு ஏமாற்றங்கள்

இப்படிவரிசைகளைப் புதிதாகக் காண்போருக்கு இருவகை எண்ணங்களுள் ஒன்று உடனே எழுகிறது. சில படிவரிசைகள் கொல்லைப்புறச் சந்தாகத் தோன்றுகின்றன: ஏ.சி. எந்திரங்கள் சொட்டும் நீர், பாசி, குப்பைக் கூடை, உணவகத்தின் பின்வாசல் ஆகியவை கண்ணில் பட்டதும் நடப்பவர் விரைந்து கடந்துவிடுகிறார். வேறு சில படிவரிசைகள் படம் எடுப்பதற்கென்றே அமைந்தவைபோலத் தோன்றுகின்றன. அங்கே பலரும் எடுத்த அதே கோணத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார். இவ்விரண்டில் பின்னதே பெரிய கேடு. அழுக்கைக் கண்டு விலகியவர் என்றாவது மீண்டும் வரக்கூடும், படம் எடுத்துத் திருப்தியடைந்தவர் பெரும்பாலும் வருவதில்லை.

இதற்கு எளிய மாற்று ஒன்று உண்டு: ஒரே படிவரிசையை இரு திசைகளிலும், இரு வேளைகளிலும் பார்க்க வேண்டும். ஏறும்போது கண் முன்னுள்ள படியையும் பக்கச் சுவரையும் காண்கிறது. இறங்கும்போது எதிர்ப்புற மாடிகளும், கூரைகளும், குறுக்குத் தெருக்கள் சந்திக்கும் விதமும் தெரிகின்றன. காலை 8 மணிக்கு அடைத்த கடைப்பெட்டிகளாகத் தெரிந்த இடம் நண்பகலில் சந்தையாகிவிடும். கீழே தரப்பட்டுள்ள நடைவழி இந்த அடிப்படையில்தான் வகுக்கப்பட்டுள்ளது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. பருவத்தைத் தேர்ந்தெடுத்தல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரப்பதம் குறைவு, வெயிலும் மிதம். மே முதல் செப்டம்பர் வரை வெப்பமும் பெருமழையும் சேர்ந்து வருவதால், தவிர்க்க முடியாதவர்கள் அதிகாலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்வது நலம்.

2. வானிலை எச்சரிக்கையைப் பார்த்தல். ஹாங்காங் வானிலை ஆய்வகம் பெருமழைக்கு மஞ்சள், சிவப்பு, கறுப்பு என மூன்று நிலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. இவை முறையே ஒரு மணி நேரத்தில் 30, 50, 70 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையைக் குறிக்கும். மஞ்சள் எச்சரிக்கை இருக்கும்போதே படிக்கட்டு நடையைத் தள்ளிவைக்க வேண்டும், ஏனெனில் சரிவின் மேலே பெய்த நீர் முழுவதும் இப்படிகளின் வழியாகவும் இறங்கும். புயல் எச்சரிக்கை 8ஆம் எண்ணுக்கு உயர்ந்தால் பேருந்துகள் படிப்படியாக நின்றுவிடும் என்பதால் அறையை விட்டு வெளியேறவே கூடாது.

3. நகரும் படிக்கட்டின் நேரத்தை அறிதல். சென்ட்ரலிலிருந்து நடுமலைக் குடியிருப்புகள் வரை சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு, 135 மீட்டர் உயரம் ஏறும் எஸ்கலேட்டர் தொடர் ஒன்று 1993 முதல் இயங்குகிறது. இதற்குக் கட்டணம் இல்லை. இதில் பெரும்பகுதி ஒரே தடம் உடையது; காலை 6 முதல் 10 மணி வரை, வேலைக்குச் செல்வோருக்காகக் கீழ்நோக்கியும், 10 மணிக்குப் பின் நள்ளிரவு வரை மேல்நோக்கியும் ஓடுகிறது. நடையின் நடுவே களைத்துப்போனவருக்கு இதுவே துணை. ஆனால் எந்த நேரத்தில் எத்திசையில் ஓடும் என்பதை அறியாமல் இதை நம்பிச் சென்றவர், எதிர்த்திசையில் ஓடும் எஸ்கலேட்டரை ஒட்டியுள்ள சாதாரணப் படிகளில் ஏற வேண்டியிருக்கும்.

4. காலணியும் பையும். அடிப்பகுதி ரப்பராக உள்ள, குதிகாலை இறுகப் பிடிக்கும் காலணி வேண்டும், செருப்பு உதவாது. கைகள் இரண்டும் ஒழிவாக இருக்கும்படி முதுகுப்பை மட்டும் கொள்ள வேண்டும். சிறு குறிப்பேடு, பென்சில், ஒரு லிட்டர் தண்ணீர், துண்டு ஆகியவை போதும்.

குறிப்பு: மலைக்கோயில் படிகளில் ஏறிப் பழகிய தமிழ் வாசகர், அந்தப் பழக்கத்தை நம்பி இங்கே வேகம் கூட்டக் கூடாது. இங்குள்ள படிகள் வெவ்வேறு காலங்களில் பழுதுபார்க்கப்பட்டவை என்பதால், அடுத்தடுத்த இரு படிகளின் உயரம்கூட ஒன்றாக இருப்பதில்லை.

நடைவழி: வரிசைப்படி

1. ஷியுங் வான் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, குவீன்ஸ் சாலை சென்ட்ரலில் லேடர் ஸ்ட்ரீட் தொடங்கும் இடத்தை அடைய வேண்டும். 1841க்கும் 1850க்கும் இடையே அமைக்கப்பட்ட இத்தெரு முழுவதும் படிகளால் ஆனது. காலை 8 மணி அளவில் தொடங்குவது சிறந்தது. உடனே ஏறாமல், கீழே ஓரமாக நின்று ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும்: யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார், எவரிடம் சுமை உள்ளது, எந்தப் பக்கக் கைப்பிடியை மக்கள் பிடிக்கின்றனர். அதிகம் பிடிக்கப்பட்ட கைப்பிடி மெருகேறிப் பளபளக்கும். ஏறுவதற்கு அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

2. முதல் ஏற்றத்தின் முடிவில் அப்பர் லஸ்கர் ரோ என்னும் பழம்பொருள் கடைத்தெரு குறுக்கிடுகிறது. லஸ்கர் என்பது ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளைக் குறித்த சொல். அவர்கள் இப்பகுதியில் தங்கியிருந்ததன் தடயம் தெருப்பெயரில் எஞ்சியுள்ளது. இவ்வேளையில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும் என்பதால் இங்கே நேரம் செலவிட வேண்டியதில்லை. முற்பகல் கழிந்தபின் மீண்டும் வந்து பார்ப்பதே முறை.

3. அடுத்து ஹாலிவுட் சாலையும் அதன் ஓரத்தில் மான் மோ கோயிலும் வரும். கல்வித் தெய்வத்துக்கும் போர்த் தெய்வத்துக்கும் உரிய இக்கோயில் 1847இல் கட்டப்பட்டது. கூரையிலிருந்து தொங்கும் ஊதுவத்திச் சுருள்களைப் பார்த்துவிட்டுப் பலரும் திரும்பிவிடுகின்றனர். பக்கத்திலேயே உள்ள குங் சோர் என்னும் மண்டபத்தைக் கவனிப்பவர் குறைவு. காலனிய நீதிமன்றத்தை அணுகத் தயங்கிய சீனர்கள் தம் வழக்குகளைப் பேசித் தீர்த்துக்கொண்ட இடம் அது. ஊர்ப் பொதுமன்றமாக விளங்கிய இடம் படிக்கட்டுத் தெருவின் ஓரத்தில் அமைந்திருப்பதைப் பார்க்கும்போது, இத்தெரு அக்காலத்தில் சந்தாகக் கருதப்படவில்லை, முதன்மைத் தெருவாகவே இருந்தது என்பது விளங்கும்.

4. மூச்சு சீரானபின் மேலே ஏறினால் பிரிட்ஜஸ் ஸ்ட்ரீட்டில் 1918இல் எழுந்த செங்கல் கட்டடமான சீனர் ஒய்.எம்.சி.ஏ. தெரியும். எழுத்தாளர் லூ சுன் 1927இல் ஹாங்காங் வந்தபோது உரையாற்றியது இந்த நிறுவனத்தின் மண்டபத்தில்தான். இதற்கும் மேலே, கெய்ன் லேனில், 1906இல் நுண்ணுயிர் ஆய்வுக்கூடமாகத் திறக்கப்பட்டு இப்போது மருத்துவ அறிவியல் அருங்காட்சியகமாக உள்ள கட்டடம் நிற்கிறது.

5. அருங்காட்சியகத்திலிருந்து சற்று மேற்கே இறங்கிப் பிளேக் தோட்டத்தைப் பார்த்துவிட்டு மீள வேண்டும். முதற்பார்வைக்கு இது முதியோர் உடற்பயிற்சி செய்யும், நிழல் நிறைந்த சிறு பூங்கா மட்டுமே. 1894இல் கொள்ளைநோய் பரவியபோது மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டது தாய் பிங் ஷான் எனப்படும் இப்பகுதிதான். நோய்க்கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் அடையாளம் கண்டதும் அவ்வாண்டு ஹாங்காங்கில்தான். நெரிசல் மிகுந்த வீடுகளை அரசு கையகப்படுத்தி இடித்த நிலத்தில் உருவானதே இத்தோட்டம். சுற்றிலும் வீடுகள் நெருங்கி நிற்க, இவ்வளவு விலைமதிப்புள்ள நிலம் இங்கே மட்டும் ஏன் வெறுமையாக உள்ளது என்ற கேள்வியோடு பார்ப்பவருக்கே இடம் பேசும்.

6. லேடர் ஸ்ட்ரீட்டின் மேல்முனையான கெய்ன் சாலையை அடைந்ததும் கிழக்கே திரும்பிச் சிறிது நடந்து, ஷிங் வாங் ஸ்ட்ரீட்டின் படிகளில் இறங்க வேண்டும். இறங்கும் வழியில் மேற்குப் பக்கம் பிரியும் விங் லீ ஸ்ட்ரீட்டைத் தவறவிடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் வீடுகள் உள்ள, வண்டி நுழைய முடியாத மேடை இது. 1950களின் பழைய மாடிக் குடியிருப்புகள் இங்கே வரிசையாக எஞ்சியுள்ளன. இடித்துக் கட்டும் திட்டம் இருந்த நிலையில், இங்கே படமாக்கப்பட்ட 'எக்கோஸ் ஆஃப் தி ரெயின்போ' என்னும் திரைப்படம் 2010இல் பெர்லின் விழாவில் பரிசு பெற்றது. அதை ஒட்டி எழுந்த பொதுமக்கள் ஆதரவால் அவ்வீடுகள் காக்கப்பட்டன. ஒரு திரைப்படத்தின் முதற்பார்வைக் கவர்ச்சி நன்மை செய்த அரிய நேர்வு இது.

7. ஹாலிவுட் சாலையில் கிழக்கு நோக்கி நடந்து, பாட்டிஞ்சர் ஸ்ட்ரீட்டின் வழியாகக் குவீன்ஸ் சாலைக்கு இறங்கலாம். முதல் ஆளுநர் ஹென்றி பாட்டிஞ்சரின் பெயரை 1858இல் பெற்ற இத்தெருவை உள்ளூர் மக்கள் கற்பலகைத் தெரு என்றே அழைக்கின்றனர். வேடிக்கை உடைகளும் முகமூடிகளும் விற்கும் கடைகள் மிகுதியாக இருப்பதால் கண் கடைகளிலேயே நின்றுவிடும். ஆனால் இங்கே பார்க்க வேண்டியது தரையை.

8. மாலை 6 மணிக்கு மேல் டடல் ஸ்ட்ரீட்டின் கருங்கல் படிகளுக்குச் செல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட இப்படிகளின் மேலும் கீழும் உள்ள நான்கு வாயு விளக்குகளே ஹாங்காங் தெருக்களில் எஞ்சியவை. 1979இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டன. 2018இல் மங்குட் புயலில் மரம் விழுந்து பெருஞ்சேதம் ஏற்பட்டு, பின்னர் சீரமைக்கப்பட்டன. மணப்பெண்–மணமகன் படப்பிடிப்புகள் நடந்துகொண்டிருந்தால் ஓரமாக இறங்கிச் செல்வதே பண்பு.

ஒரு படிவரிசையில் பார்க்க வேண்டியவை

தரையிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டிஞ்சர் ஸ்ட்ரீட்டின் கற்பலகைகள் ஒன்று உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் மாறி மாறிப் பதிக்கப்பட்டுள்ளன. மழைநீர் தாழ்ந்த பலகைகளின் வழியே இரு பக்க வடிகால்களுக்கு ஓடிவிட, உயர்ந்த பலகைகளில் கால் வழுக்காமல் நடக்க முடிகிறது. பாதுகாப்பின்றி ஒழுங்கற்றுக் கட்டப்பட்டதாக முதலில் தோன்றும் தரை, உண்மையில் பாதுகாப்பையே கருதிக் கட்டப்பட்டது. இதை நம்பாதவர் சிறு தூறல் நின்றபின் சென்று நீர் ஓடும் வழியைப் பார்க்கலாம். மற்றப் படிவரிசைகளில் உளித்தடம் தெரியும் பழைய கருங்கல்லும், சிமெண்டு பூசிய புதிய படியும் அடுத்தடுத்து வருவதைக் குறித்துக்கொண்டால், எங்கெங்கே தரையைத் தோண்டிக் குழாய் பதித்தனர் என்பது ஏறத்தாழத் தெரியவரும்.

அடுத்து, படிவரிசையின் நடுவே வரும் லேண்டிங், அதாவது கால் ஆறுவதற்கான தட்டையான இடம். பழைய மாடி வீட்டு வாசல்கள் லேண்டிங்கை ஒட்டியே திறக்கின்றன. அங்கே நாற்காலி, பூந்தொட்டி, துணி உலர்த்தும் கழி ஆகியவற்றுள் எது உள்ளது என்று கவனித்தால், அது வீட்டு முற்றமாகப் புழங்குகிறதா, கடைக்குச் சரக்கு இறக்கும் இடமாகப் புழங்குகிறதா என்று அறியலாம். சுவரின் அடியில் சிவப்பு நிறத்தில், ஊதுவத்தி செருகிய சிறு மாடம் தெரிந்தால், அது அவ்விடத்தைக் காக்கும் மண் தெய்வத்தின் கோயில். தொடவோ தாண்டவோ கூடாது.

பக்கச்சுவர் தனிக் கவனத்துக்குரியது. சரிவின் மண் சரியாமல் தடுக்கக் கட்டிய சுவரைத் தாங்குசுவர் என்பர். பழைய தாங்குசுவர்களின் கல் இடுக்குகளில் ஆலமர இனத்தைச் சேர்ந்த மரங்கள் பறவை எச்சத்தால் முளைத்து, சுவர் முழுவதும் வேரைப் பின்னி நிற்கின்றன. அழகு கருதி எவரோ நட்டதாக எண்ணத் தோன்றும். ஆனால் இவை தாமாக வந்தவை. 2015இல் பான்ஹாம் சாலையில் இத்தகைய நான்கு மரங்கள் பாதுகாப்புக் காரணத்தால் வெட்டப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது.

அதே சுவர்களில் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகடு ஒன்று காணப்படும். மனிதர் வெட்டியோ நிரப்பியோ உருவாக்கிய சுமார் 60,000 சரிவுகளை அரசு பதிவு செய்து கண்காணிக்கிறது. தகட்டில் உள்ள சி என்ற ஆங்கில எழுத்து வெட்டிய சரிவையும், எஃப் நிரப்பிய சரிவையும், ஆர் தாங்குசுவரையும் குறிக்கும். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் சாவுகளே. 1972 ஜூன் 18 அன்று, இந்த நடைவழிக்கு மேலே உள்ள போ ஷான் சாலையில் சரிவு இடிந்து 67 பேர் இறந்தனர். அதே நாளில் கவுலூன் பக்கம் சாவ் மாவ் பிங்கிலும் பேரழிவு நேர்ந்தது. 1976இல் மீண்டும் நிலச்சரிவு ஏற்பட்டபின், 1977இல் சரிவுகளைக் கவனிக்கும் தனி அரசு அலுவலகம் அமைக்கப்பட்டது. தகட்டின் அருகே சுவரில் சிறு துளைகள் வரிசையாக இருக்கும். மண்ணுக்குள் தேங்கும் நீர் வெளியேறுவதற்கான கசிவுத் துளைகள் அவை. அவற்றில் குப்பை செருகுவதும், அவற்றை ஒட்டி அமர்வதும் கூடாது.

வழக்கமாக நேரும் தவறுகள்

வரைபடத்தில் காட்டும் தூரத்தை நம்புவதே முதல் தவறு. தட்டையான வரைபடத்தில் அடுத்தடுத்துள்ள இரு தெருக்களுக்கு நடுவே பல மாடி உயரம் இருக்கக்கூடும். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே கைபேசியின் இடங்காட்டி பக்கத்துத் தெருவைக் காட்டுவதும் உண்டு. தெருப்பெயர்ப் பலகையைப் பார்த்து உறுதி செய்துகொண்டே நகர வேண்டும்.

படிகளை எண்ணிக்கொண்டு ஏறுவது மற்றொரு தவறு. எண்ணிக்கை மனத்தில் ஓடும்போது கண் வேலை செய்வதில்லை. எண்ணித்தான் ஆக வேண்டும் என்பவர் இறங்கி முடித்தபின் தனியாக ஒருமுறை ஏறி எண்ணிக்கொள்ளலாம்.

எஸ்கலேட்டரில் ஏறியதையே படிக்கட்டுத் தெருவைப் பார்த்ததாகக் கொள்வது மூன்றாவது. அது ஓடும் ஷெல்லி ஸ்ட்ரீட்டில், 1915இல் புதிதாகக் கட்டப்பட்ட ஜாமியா பள்ளிவாசலின் வாயிலைப் பலர் உணவகங்களைப் பார்த்தபடியே கடந்துவிடுகின்றனர். ஹாங்காங்கின் மிகப் பழைய பள்ளிவாசல் நிற்கும் மனை அது.

பாதுகாப்பு

1. படியில் நின்றபடி பின்னோக்கி ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. படம் எடுக்க விரும்புபவர் லேண்டிங்கில் சுவரோரமாக நின்று, எடுத்து முடித்துக் கைபேசியைப் பையில் வைத்தபின்பே நகர வேண்டும்.

2. ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழும் ஆபத்தும் முழங்கால் வலியும் அதிகம். கைப்பிடியை விடாமல், பாதம் முழுவதையும் படியில் பதித்து இறங்க வேண்டும். முழங்காலில் பழைய வலி உள்ளவர் 10 மணிக்கு முன் ஏறி முடித்து, எஸ்கலேட்டரில் கீழே வரலாம்.

3. ஏ.சி. நீர் சொட்டும் இடத்தில் பாசி படர்ந்திருக்கும்; கருமையாகவோ பச்சையாகவோ தெரியும் படியின் நடுப்பகுதியை விட்டு விலகிக் கைப்பிடியோரமாகச் செல்ல வேண்டும்.

4. சுமை தூக்கி வருபவருக்கு, அவர் ஏறினாலும் இறங்கினாலும், கைப்பிடிப் பக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் நிற்க முடியாது, நடப்பவரால் முடியும்.

5. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் தோன்றினால் குறுக்கே வரும் அடுத்த சமதளத் தெருவில் நடையை நிறுத்திவிட வேண்டும். அவசர உதவிக்கான எண் 999. அருகிலுள்ள கதவு எண்ணையும் தெருப்பெயரையும் சொல்வது, எந்தப் படியில் இருக்கிறோம் என்று விளக்குவதைவிட விரைவில் பயன் தரும்.

6. வாசலில் அமர்ந்திருப்போரை அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது. கம்பிக் கதவு உள்ள படிவரிசை திறந்திருந்தாலும் தனியார் வழியாக இருக்கலாம் என்பதால் நுழையக் கூடாது.

அடுத்த நாளுக்கு

கால் வலி தணிந்தபின் மேற்கே சாய் யிங் புன்னுக்குச் செல்லலாம். அங்கே 2015இல் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டதும் வாடகையும் கடைகளும் மாறத் தொடங்கின. சென்டர் ஸ்ட்ரீட்டின் செங்குத்தான ஏற்றத்தில் எஸ்கலேட்டரும் வந்துவிட்டது. தாய் பிங் ஷானின் எல்லையில் உள்ள பவுண்ட் லேனிலோ, அவ்வாறே எஸ்கலேட்டர் அமைக்கும் திட்டத்தைக் குடியிருப்போரில் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். ஏற்றம் எளிதானால் தெருவின் இயல்பும் வாடகையும் மாறிவிடும் என்பது அவர்களின் அச்சம். இவ்விரு தெருக்களையும் ஒரே முற்பகலில், முதலில் பவுண்ட் லேனை நடந்தும் பின்னர் சென்டர் ஸ்ட்ரீட்டை எஸ்கலேட்டரிலும் ஏறிப் பார்த்து, லேண்டிங்குகளில் திறக்கும் வாசல்களையும் கடைகளையும் குறிப்பேட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதிக்கொண்டால், அந்த அச்சத்தில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை நடப்பவரே மதிப்பிடலாம். முதியவர் ஒருவர் காய்கறிப் பையுடன் பவுண்ட் லேனில் ஏறுவதைக் கண்டால், எஸ்கலேட்டர் வேண்டும் என்போரின் வாதத்தையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.